ராக்கம்மாள் பேரில் வந்த ரத்தம்

போன மாதம் தேனியிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். அங்கே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பழகிய மனிதரின் மகள் என்பதால் உரிமையோடு காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“சார், வலி மாத்திரை ஒத்துக்காம போறதை ரத்தத்துல கண்டுபிடிக்க முடியுமா? ஆஸ்பிரின் மாதிரி. எங்க முதலாளி அதையும் ஒரு பேக்கேஜ்ல சேக்கலாமான்னு கேக்குறாரு. நீங்க அந்தக் காலத்துலயே போடியில பாத்திருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு.”

“பாத்திருக்கேன். கண்டுபிடிச்சேனான்னுதான் தெரியல” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் நான் என்பதால் பாதிக் கதை சொல்வதற்குள் அவளுடைய பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும், அவள் முதலாளியும் படிக்கட்டும்.

எழுபதுகளில் மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலம், சிறுநீர், சளி, ரத்தம் ஆகியவற்றின் வாடையோடு வாடையாகச் சோறு இறங்கப் பழகிவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது. மீதிப் பாதி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் கழுத்து வலிக்கிறதே என்று எழுந்து போகாமல் இருப்பது. இரண்டும் எனக்கு வந்தன. சொந்த ஊரான போடிநாயக்கனூருக்கே திரும்பி, பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

என் லேப், முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறை. எத்தனை முறை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் மழைநாளில் தரையிலிருந்து மணம் கிளம்பும். மலம் பார்க்கிற இடத்தில் ஏலக்காய் மணக்கிற ஆஸ்பத்திரி எங்களுடையது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வேன். ஒரு மைக்ராஸ்கோப், கையால் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று, கண்ணாடிக் குழாய்கள், சாயப் புட்டிகள். இவ்வளவுதான் என் ராஜ்யம்.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் ஒரு பெண் டாக்டர். நாங்கள் எல்லோரும் டாக்டரம்மா என்போம். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனால் வாங்கிக்கொள்ள மாட்டார். எழுந்து என்னோடு லேப்புக்கு வருவார். என் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “நீங்க என்ன பாத்தீங்க?” என்பார்.

சேர்ந்த புதிதில், “மலேரியா டாக்டர்” என்று மிடுக்காகச் சொன்னேன்.

“அது பேரு. நான் பேரைக் கேக்கல. பாத்ததைச் சொல்லுங்க.”

சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி ஒன்று, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “சரி, இப்ப பேரைச் சொல்லுங்க” என்றார். என்னைவிட எத்தனையோ மடங்கு படித்தவர். அவருக்கு என் கண் தேவையே இல்லை. ஆனாலும் நான் பார்த்ததை நான் சொல்லிக் கேட்காமல் அவர் ஒரு நாளும் குனிந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஏலக்காய் ஏலம் எடுக்க வந்த ஒரு வியாபாரி வெயிலில் தலை வலிக்கிறது என்று ஒரு ஆஸ்பிரின் மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மூஞ்சி வீங்கி, மூச்சுத் திணறி, எங்கள் வாசலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். டாக்டரம்மா ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. பெட்டிக்கடை தொடங்கி எஸ்டேட் மருந்தகம் வரை எல்லா இடத்திலும் கிடைக்கிற மாத்திரை இது. இது யாருக்கு ஆகாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியுண்டா? பழைய மருத்துவப் பத்திரிகைகளைப் புரட்டி ஒரு சோதனையைக் கண்டுபிடித்து வந்தார். “செஞ்சு பாப்போமா?” என்றார். நான் எதற்குமே மாட்டேன் என்று சொல்லாத வயதில் இருந்தேன்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பேசோஃபில் என்று ஒரு வகை உண்டு. மிகவும் அபூர்வம். நூறு வெள்ளை அணுவைத் தேடினால் ஒன்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதன் வயிறு நிறைய மணி மணியாக மருந்துப் பொட்டலங்கள். ஆகாத பொருள் எதிரே வந்தால் அந்த மணிகள் வெடித்துச் சிதறும் என்பது கணக்கு. கண்ணாடித் தகட்டில் நியூட்ரல் ரெட் என்ற சாயத்தைத் தடவிக் காயவைப்பேன். ரத்தத்தைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் சிவப்புக்கு மேல் ஓர் ஆடை படியும், அதிலிருந்து ஒரு சொட்டு. மாத்திரையை உப்புத் தண்ணீரில் கரைத்த கரைசல் ஒரு சொட்டு. மேலே மெல்லிய கண்ணாடி மூடி, ஓரத்தில் வாசலின். பிறகு தேட வேண்டியதுதான். சாயம் ஏறிய மணிகள் செங்கல் நிறத்தில் தெரியும், கேழ்வரகை அள்ளி ஒரு சின்னப் பைக்குள் அடைத்த மாதிரி. பை முழுசாக இருந்தால் பயமில்லை. கேழ்வரகு கொட்டிக் கிடந்தால் ஆபத்து.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆளின் ரத்தமும் வேண்டும். அந்த நல்ல ஆள் நான்தான். என் கையில் ஊசி குத்தாத இடம் இல்லை.

வியாபாரியின் ரத்தத்தில் அணுக்கள் அழகாக வெடித்தன. நான் குதித்தேன். டாக்டரம்மா பார்த்தார், தலையாட்டினார், குதிக்கவில்லை. ஒரு மாதம் போயிருக்கும். ஒப்பிட வைத்திருந்த என்னுடைய சொந்த ரத்தத்தில் கேழ்வரகு கொட்டிக் கிடந்தது. உடனே அவரைக் கூப்பிட்டேன். நிதானமாகப் பார்த்தார்.

“நேத்துக் கழுத்து வலின்னு இந்த மாத்திரைதானே போட்டீங்க, ஜெயராமன்?”

“ஆமா டாக்டர்.”

“நல்லாத்தானே இருக்கீங்க?”

“இருக்கேன் டாக்டர்.”

“அப்ப உங்க ரத்தம் பொய் சொல்லுது. இல்ல, நமக்குக் கேக்கத் தெரியல. எதுன்னு தெரியற வரைக்கும் இதை வெச்சு யாருக்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.”

ஆனால் ஊர் அவ்வளவு பொறுமையாக இருக்குமா? சொட்டு ரத்தத்தைப் பார்த்தே எந்த மாத்திரை ஆகாது என்று போடியில் சொல்லிவிடுகிறார்கள் என்ற பேச்சு பஸ்சிலும் ஜீப்பிலும் ஏறி மலை வரைக்கும் போய்விட்டது. ‘மாத்திரை ரத்தம்’ பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். கடைத்தெருவில் என்னைக் கண்டால் வணக்கம் வைத்தார்கள். எனக்கும் அது பிடிக்காமல் இல்லை.

அப்படி ஒரு நாள் காலையில் வந்தது ஒரு சீட்டு. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் கம்பவுண்டர் எழுதியது. ராக்கம்மாள் என்ற பெண்ணுக்கு விடாத காய்ச்சல், ஒரு மூட்டு விட்டு ஒரு மூட்டு வீக்கம். ஆஸ்பிரின் கொடுத்ததும் மூச்சுத் திணறல் வந்தது. மழைக் குளிரால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று தெரியவில்லை. ரத்தம் பார்த்துச் சொல்லவும். டாக்டரம்மா படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நல்ல கூட்டம் அன்று. “முதல்ல ரத்தம் எடுத்துருங்க. ஈ.எஸ்.ஆரும் பாருங்க. வெளி நோயாளிகளை முடிச்சிட்டு நான் அந்தப் பொண்ணைப் பாக்குறேன்” என்றார்.

நான் வெளியே வந்து, “ராக்கம்மா யாரு?” என்று கூப்பிட்டேன்.

“வந்திருக்கு” என்று ஒரு பெண் எழுந்து வந்தாள்.

“பேரு?”

“ராக்கம்மா.”

“வயசு?”

“இருவது இருக்கும்.”

முப்பது என்றாலும் நம்பலாம் போல இருந்தாள். மலை வேலை ஆளை அப்படி ஆக்கிவிடும் என்று எண்ணிக்கொண்டேன். கையை நீட்டினாள், முகம் சுளிக்காமல் ரத்தம் கொடுத்தாள். “வெரசா பாத்துச் சொல்லிருங்கண்ணே, ஜீப்பைப் பிடிக்கணும்” என்றாள்.

ஈ.எஸ்.ஆர். என்பது எளிய வேலை. மெல்லிய குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்தால் சிவப்பு மெல்ல மெல்லக் கீழே படியும். உடம்பில் பெரிய அழற்சி இருந்தால் மளமளவென்று இறங்கும். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். கொஞ்சமாகத்தான் இறங்கியிருந்தது. பேசோஃபில்களையும் தேடித் தேடிப் பிடித்தேன். மாத்திரைக் கரைசலில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. நல்ல சேதிதானே என்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப் பக்கமே திரும்பவில்லை. ஈ.எஸ்.ஆர். குழாயைப் பார்த்தபடி இருந்தார்.

“காய்ச்சல் அடிச்சு மூட்டு மூட்டா வீங்குற பொண்ணுக்கு இவ்வளவுதான் இறங்குமா? அவங்களைக் கூப்பிடுங்க.”

அந்தப் பெண் வந்து நின்றாள்.

“உக்காருங்க. காலைக் காட்டுங்க.”

காட்டினாள். சேறு காய்ந்த, வரப்பில் நடந்து நடந்து வைரம் பாய்ந்த கால். கணுக்காலில் வீக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

“வீக்கம் எங்கம்மா?”

“வீக்கம் எனக்கில்லையே, அவளுக்கு.”

“அவள்னா?”

“ராக்கு. என் தங்கச்சி. நான் சீனியம்மா, கீழ சிலமலையில வாக்கப்பட்டிருக்கேன்.”

“பேர் கேட்டேன் டாக்டர், ராக்கம்மான்னுதான் சொன்னாங்க” என்றேன். டாக்டரம்மா அதே குரலில், “பேர் கேட்டப்ப ராக்கம்மான்னு சொன்னீங்களாம்?” என்றார்.

“சீட்டு அவளுக்குத்தானேம்மா. அவ பேரைத்தானே சொல்லணும்.” சீனியம்மாள் எங்களைப் பாவமாகப் பார்த்தாள். இது கூடத் தெரியாதவர்களா என்று நினைத்திருக்க வேண்டும். “அவளால காலை ஊன முடியல. காய் எடுப்பு நேரம், தூக்கிட்டு எறங்க ஆளு கேட்டா ஒருத்தரும் வரல. நான் அவளைப் பாக்கப் போனவ, சீட்டை வாங்கிட்டு எறங்கிட்டேன். ஒரு வயித்துல பொறந்தவுக. ரத்தம் ஒண்ணுதானே.”

நான் சிரித்திருப்பேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். “இப்ப தங்கச்சிகிட்ட மாத்திரை ஏதும் இருக்கா?” என்று அவர் கேட்டார்.

“கம்பவுண்டரு முன்னே குடுத்ததுல மிச்சம் இருக்கு. தலைமாட்டுல வெச்சிட்டு வந்தேன். பொழுது அடங்குற வரைக்கும் பொறு, நான் ஏறி வரலேன்னா ரத்தத்துல குத்தமில்லேன்னு நெனச்சு மாத்திரையைப் போட்டுக்கோன்னு சொல்லியிருக்கேன்.”

மலைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது புரியாது. அங்கே கடிதமும் தந்தியும் போகிற வேகத்துக்குக் காத்திருக்க முடியாது. கெட்ட சேதி என்றால்தான் ஆள் மெனக்கெட்டு ஏறி வரும். யாரும் வரவில்லை என்றால் கீழே எல்லாம் சுகம். இது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று நாங்கள் சொல்லியிருந்தால் சீனியம்மாள் ஜீப்பைப் பிடித்துத் தன் பிள்ளைகளைப் பார்க்கச் சிலமலைக்குப் போயிருப்பாள். மேலே தங்கை பொழுது சாய்ந்ததும் மாத்திரையை விழுங்கியிருப்பாள்.

“ஜெயராமன், நீங்களும் இவங்களோட போங்க” என்றார் டாக்டரம்மா. “அந்தப் பொண்ணு வலியில கிடக்கா. அக்கா சொன்னா மட்டும் கேக்க மாட்டா. மாத்திரையை வாங்கிட்டு, நாளைக்கு இங்க கொண்டுவர ஏற்பாடு பண்ணுங்க. இந்தக் காய்ச்சல் மூட்டுல ஆரம்பிச்சு இதயத்துல போய் உக்காரும். ஆஸ்பிரின்தான் இதுக்கு முதல் மருந்து, வாரக்கணக்கில குடுக்கணும். ஒரு மாத்திரைக்கே மூச்சு நின்னா நான் எதைக் குடுக்கிறது? ஆளைப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது.”

லோடு ஏற்றப் போகிற ஜீப்பு ஒன்றில் குரங்கணி வரை போனோம். அங்கிருந்து நடை. நான் பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்திருக்கிறேன், கீழிருந்து. சீனியம்மாள் வீட்டுக்குள் நடப்பதுபோல ஏறினாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கால் விரலிடுக்கில் அட்டையைப் பிய்த்துக்கொண்டு பின்னால் போனேன். வெயில் மரக் கிளைகளுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பித் திரும்பி வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு திருப்பத்தில் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, “நீங்க வாங்க, நான் முன்னால போறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். ரத்தம் ஒன்று என்று சொன்னவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்ட ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தை நான் எட்டியபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ராக்கம்மாள் வாசல் பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் பால் விடாத கட்டன் சாயா ஆடை படிந்து கிடந்தது. மாத்திரைகள் சீனியம்மாளின் முந்தானை முடிச்சுக்குப் போயிருந்தன. என்னைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள் அக்காவிடம்.

“யாருக்கும் ஒண்ணும் இல்ல ஆத்தா. நான் போடி ஆஸ்பத்திரி” என்றேன்.

“நான் பொழுதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அந்த மேட்டுல வெயில் போயிட்டா போட்டுக்கலாம்னு.” கொஞ்ச நேரம் அழுதாள். “வலி தாங்கலண்ணே. அந்த மாத்திரையைக் குடுத்துருங்க. மூச்சு போனாப் போகட்டும்.”

குடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. டாக்டரம்மா சொன்னார் என்று அவர் தலையில் போட்டேன்.

கம்பவுண்டர் குட்டப்பன் ஓடி வந்தார். பக்கத்துத் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கம்பவுண்டர், மலையாளக்காரர், இரக்கமுள்ளவர். “ஞான் இவளைக் கொண்டு போகத்தான் எழுதினது, சாரே. சேச்சி தனியா எறங்கினது எனக்கு அறியாது” என்று தலையில் கை வைத்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முந்தின நாள் கேட்டபோது வராத ஆட்கள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவன் ஏறி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். ஆள் ஏறி வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். விடிந்ததும் கம்பில் கம்பளியைக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். குட்டப்பனும் கூட வந்தார்.

இந்த முறை நான் பேரைக் கேட்டு, காலைப் பார்த்து, வீக்கத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஊசியைக் குத்தினேன். ஈ.எஸ்.ஆர். குழாயில் சிவப்பு கண் முன்னே சரிந்தது. அக்கா தங்கை ரத்தம் ஒன்றல்ல என்று அந்தக் குழாய் பளிச்சென்று சொல்லிவிட்டது. இனி பேசோஃபில். அவள் சொன்ன மூச்சுத் திணறலுக்கு நான் அங்கே சாட்சி தேடினேன். தகட்டின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை போனேன். புதுத் தகடு தயாரித்து மறுபடியும் போனேன். கேழ்வரகுப் பைகள் எல்லாம் முழுசாக, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தன. எனக்கு அழுகை வராத குறை. வெடிக்கும் என்று நான் அவ்வளவு நம்பியிருந்தேன்.

வார்டு அறைக்குப் போனேன். அங்கே டாக்டரம்மாவோடு சீனியம்மாளும் குட்டப்பனும் நின்றிருந்தார்கள். ராக்கம்மாள் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். டாக்டரம்மாவிடம் பார்த்ததைச் சொன்னேன். “மாத்திரையில எந்த அணுவும் வெடிக்கல டாக்டர். வெறும் உப்புத் தண்ணியில எப்படியோ அப்படியே இருக்கு.”

“சரி” என்றார். ஸ்டெத்தை வைத்து அவள் நெஞ்சை வெகுநேரம் கேட்டார். பிறகு டார்ச்சை எடுத்தார். “அம்மா, இந்தப் பக்கம் திரும்பு. மூக்கைப் பாக்கணும்.”

என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு மூக்குத் துளையிலும் தோலுரித்த திராட்சை மாதிரி வெளிறிய சதை தொங்கிக்கொண்டிருந்தது.

“உனக்கு வாசம் தெரியுமா?”

ராக்கம்மாள் தயங்கினாள். “தெரியாதும்மா. ரெண்டு வருசமா ஏலக்கா வாசமே தெரியல. கூட இருக்கவுக வாசம் தூக்குதும்பாக. நானும் ஆமாம்பேன்.”

“மாத்திரை போட்டதும் முதல்ல என்ன வந்துச்சு?”

“மூக்கு ஒழுகுச்சு. கண்ணு எரிஞ்சு மூஞ்சி தீயாக் காந்துச்சு. அப்பறம் நெஞ்சைக் கயித்தைப் போட்டு இறுக்குன மாதிரி ஆயிருச்சு.”

“எவ்வளவு நேரத்துல?”

“ஒல கொதிக்கையில போட்டேன். சோறு வடிக்கிறதுக்குள்ள வந்துருச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

“போன மழைக்கு ஒருக்கா தலைவலிக்குப் போட்டேன். அப்பவும் இதே மாதிரித்தான். கங்காணி, வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறேன்னாரு. எல்லாரும் அதைத்தான் சொன்னாக. அப்பறம் எனக்கே சந்தேகமாப் போச்சு.”

டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார். “ஆஸ்பிரின் கிடையாது” என்று என்னிடம் சொன்னார். “மூக்குல சதை, வாசம் போயிருக்கு, ரெண்டு தடவையும் ஒரே மாதிரி மூச்சு இறுக்கம். இந்த மூணும் சேந்து வர்ற ஆளுங்களுக்கு அது விஷம். இந்த வகை ஒவ்வாமை நீங்க தேடுற அணுவுல தெரியணும்னு கட்டாயம் இல்ல. உங்க வேலையில குறை இல்ல.” ஸ்டீராய்டு மாத்திரையும், சோதித்துப் பார்த்துப் பென்சிலின் ஊசியும் எழுதினார். விலை கூடின வழி, கவனமும் கூட வேண்டும். பல வாரம் எங்கள் வார்டிலேயே இருந்து ராக்கம்மாள் எழுந்து நடந்தாள். நெஞ்சில் கேட்ட மெல்லிய சத்தம் முழுசாகப் போகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. மாதம் தவறாமல் ஊசிக்கு இறங்கி வருவாள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, நான் வேலையை விட்டுப் போகிற காலம் வரைக்கும் வந்துகொண்டிருந்தாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று அந்த அறையில் நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

நான் சொன்னதைச் சீனியம்மாள் காதில் வாங்கியிருந்தாள். “ஏம்மா, என் ரத்தத்துலயும் ஒண்ணும் வெடிக்கல, இவ ரத்தத்துலயும் வெடிக்கலங்கிறாரு. ரெண்டும் ஒரே பதிலைத்தானே சொல்லியிருக்கு? நான் சொன்னது சரிதானே? பெறகு இவளை எதுக்குத் தூக்கிட்டு வரச் சொன்னீக?”

நியாயமான கேள்வி. என்னிடம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

“உங்க ரத்தத்துக்கிட்ட மூக்கு இல்லையேம்மா” என்றார் டாக்டரம்மா. “சோறு வடிக்கிறதுக்குள்ள வந்துச்சுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. இவளுக்குத் தெரியும்.”

குட்டப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கவலை வேறு. “டாக்டரே, ரத்தம் பாத்து வரட்டும்னு எஸ்டேட்டுல எல்லாரும் காத்திருக்காங்க. இப்ப ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. நான் மாத்திரை குடுக்கலைன்னா மேனேஜர் கேப்பாரு, கங்காணி கேப்பாரு. பின்னே இவ நடிச்சதுதான்னு சொல்லுவாங்க. நான் யாரு சொன்னதுன்னு சொல்றது? டாக்டர் சொன்னதுன்னு சொல்லட்டுமா?”

“நான் சொல்லலையே. நான் கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்.” டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “யாரு சொன்னதுன்னு கேட்டா ராக்கம்மா சொன்னான்னு சொல்லுங்க.”

கட்டிலிலிருந்த பெண் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார முயன்றாள். சீனியம்மாள் பிடிக்கப் போனாள். அவள் வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தானாகவே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கம்பவுண்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“கேட்டுக்கிட்டீகளா சாரே?” என்றாள்.